தும்மல் விற்ற வீடு

1

நான் ஒரே ஒரு தும்மல் தும்மி, இருநூறு வருடப் பழைய கல் வீடு ஒன்றை விற்றிருக்கிறேன். வீட்டைத் தரகர் விற்பார், விளம்பரம் விற்கும், சில சமயம் குடும்பச் சண்டை விற்கும். மூக்கால் விற்றவன், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

நம்ப முடியவில்லை, இல்லையா? நல்லது. எல்லோரும் நம்பியிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது. இந்தக் கதை பிறந்ததே நம்பாத ஒருத்தியால்தான். என் தங்கை. சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் நான் இதைச் சொல்ல ஆரம்பித்து, மூக்கு வரைக்கும் வந்திருப்பேன். சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும்: "காத்து!" அவ்வளவுதான். கூட்டம் சிரித்துக் கலைந்துவிடும். அவள் குரல் எட்டாத ஓர் இடத்துக்குக் கதையைக் கொண்டுபோக வேண்டும் என்று யோசித்ததில் காகிதம் அகப்பட்டது.

அதிலும் ஒரு சிக்கல். இன்று நான் எழுதியதை நாளை என்னாலேயே படிக்க முடியாது, அப்படிப்பட்ட கையெழுத்து. கணினியில் அடித்துத் தர ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களில் என் கிறுக்கலைப் படிக்கக்கூடியவள் ஒருத்திதான். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். யாரென்று சொல்ல வேண்டுமா?

[நான்தான். அண்ணன் எழுதியதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அடிப்பேன். உண்மை அல்லாத இடத்தில் மட்டும் இப்படிச் சதுர அடைப்புக்குறிக்குள் குறிப்பு எழுதுவேன். இதற்கு அவர் சம்மதித்த பிறகுதான் உட்கார்ந்தேன். முதல் குறிப்பு: வீட்டுக்கு நூற்றைம்பது வருடம்தான் இருக்கும்.]

பார்த்தீர்களா. இரண்டாவது பக்கத்துக்கு நான் வருவதற்குள் ஐம்பது வருடம் போய்விட்டது.

2

எப்படித் தொடங்குவது என்று சில முயற்சிகள் செய்தேன். கிழித்துப் போடாமல் அப்படியே தருகிறேன்.

"வானம் இருண்டு, பேய்மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த—"

வேண்டாம். மழை பிற்பாடு வருகிறது. முதல் வரியிலேயே செலவழித்துவிட்டால் அப்புறம் எங்கே போய்க் கேட்பேன்?

"அந்த வீடு தெருக் கோடியில் ஒரு கிழ யானையைப் போலப் படுத்து—"

வேண்டாம். யானை என்று சொல்லிவிட்டால் அடுத்த பக்கத்தில் தும்பிக்கை எங்கே என்பார்கள்.

"வீடு என்பது வெறும் கல்லும் மண்ணும் அல்ல—"

இதை எழுதியதற்காகப் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். இந்த வீடு கல்லும் மண்ணும்தான். கொஞ்சம் சுண்ணாம்பு. விஷயமே அந்தச் சுண்ணாம்பில்தான் இருக்கிறது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரியப்பா பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்தபோது அந்த வீடு எனக்கும் தங்கைக்கும் வந்தது. மனிதர் நல்லவர், ஆனால் வீட்டுக்குச் செய்யக்கூடாத ஒன்றைச் செய்திருந்தார். கல் சுவர் பார்க்கப் பழசாக இருக்கிறது என்று உள்ளும் புறமும் சிமெண்டைப் பூசி மூடிவிட்டார். கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. உள்ளே போன ஈரம் உள்ளேயே கிடந்து, சுவரெல்லாம் உப்புப் பூத்து, அறைகளில் ஈரக் கோணிச் சாக்கின் நாற்றம். பெரியப்பா பாதி அறைகளைப் பூட்டிவிட்டார். பிறகு மீதியையும்.

நான் எடையளவு ஆய்வாளராக இருந்தவன். கடை கடையாகப் போய்த் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது என் வேலை. பணிக்காலம் முழுக்கக் கிராம் சுத்தமாகப் பேசியவன். அதனால்தானோ என்னவோ, ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலிருந்து எதைச் சொன்னாலும் கூடவே கொஞ்சம் கொசுறும் வந்துவிடுகிறது.

[மறுநாள் காலை அல்ல. ஏழு வயதிலிருந்து.]

3

தங்கைக்கு அந்த வீட்டை அப்படியே தள்ளிவிட வேண்டும். காரணம் நியாயமானது. அவள் குடியிருப்பது மூன்றாவது மாடியில், மின்தூக்கி இல்லாத கட்டிடம். முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தாள். கல் வீட்டில் போய்க் குடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதன் வாசலுக்கே ஆறு உயரமான படி, அத்தனையும் கல்.

வாங்க ஆள் இருந்தது. கல் வியாபாரி. அவர் வீட்டை வாங்குகிறவர் அல்ல, சுவரை வாங்குகிறவர். பழைய கல்லைப் பெயர்த்து, இலக்கம் போட்டு, லாரியில் ஏற்றி, புதுப் பணக்காரர்களின் தோட்டச் சுவருக்கு அனுப்புவார். தங்கப்பல் தெரிய அவர் சிரித்தபோது—

[அவருக்குத் தங்கப்பல் கிடையாது. மிகவும் மரியாதையானவர். நான் நிற்பதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டார்.]

சரி, ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பாத்திரத்தில் எனக்கே சந்தேகம் இருந்தது. இடிக்க வருகிறவன் கொஞ்சமாவது கெட்டவனாக இருந்தால் எழுதுகிறவனுக்கு வசதி. அவர் அந்த வசதியைச் செய்து தரவில்லை.

நான் தங்கையிடம் ஒரு வருடம் அவகாசம் கேட்டேன். "சரி பண்ணி, குடியிருக்கிறவங்களுக்கே விக்கிறேன்."

"உன்னால ஒரு குழாயைச் சரி பண்ண முடியுமா அண்ணே?"

"அது வேற துறை."

"ஒரு வருஷம். அதுக்குள்ள ஆள் வரலைன்னா நான் கல்காரருக்குப் போன் பண்ணிடுவேன். அப்புறம் கதை சொல்லக்கூடாது."

ஒத்துக்கொண்டேன். கதை சொல்லக்கூடாது என்பதைத் தவிர.

அந்த ஒரு வருடமும் கொத்தனாரோடு சேர்ந்து சிமெண்டைக் கொத்திக் கொத்தி எடுத்தேன். கல் தெரிந்தது. சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, இடுக்கு இடுக்காக நிரப்பினோம். எனக்குத் தெரிந்த மற்ற வேலையெல்லாம் அடுத்தவன் தராசில் குறை கண்டுபிடிப்பது. முதல் தடவையாக நானே ஒன்றைச் சரி செய்திருந்தேன். அதை இலக்கம் போட்டு லாரியில் ஏற்றுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இந்த வரியில் மிகை எதுவும் கிடையாது.

[கிடையாது.]

4

இனி கதவு.

வாசல் கதவு ஒற்றைக் கதவு, உள்பக்கமாகத் திறப்பது, இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். பெரியப்பா காலத்திலிருந்தே அது மூடாது. நிலைச்சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதால் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஓர் எலி தாராளமாகப் போய்வரும் இடைவெளி. அதன் வழியாகச் சங்கிலியை விட்டுப் பூட்டுவதுதான் வழக்கம். அந்தக் கதவை மூடிப் பார்க்கும் பழக்கமே எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் போயிருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொத்தனாரும் தச்சரும் மைத்துனர்கள். தச்சரின் தங்கையைத்தான் கொத்தனார் கட்டியிருக்கிறார். ஏதோ ஒரு வீட்டு விசேஷத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க மாப்பிள்ளை கட்டுற சுவத்துக்குத் தூக்குக்குண்டே கோணலாத்தான் தொங்கும்" என்று தச்சர் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று வேலை பார்ப்பார்கள். நடுவில் தூது நான்.

கடைசி வாரம் கொத்தனார் என்னிடம் சொன்னார்: "சார், அந்தாளுகிட்ட சொல்லிடுங்க. கதவுல தப்பில்ல, நிலைதான் சாய்ஞ்சிருக்கு. நான் ஆப்பு வச்சு நிமுத்திடறேன். அவரு கதவுல கை வைக்க வேணாம்."

நான் தச்சரிடம் போய்ச் சொன்னேன்: "உங்க மாப்பிள்ளை என்ன சொல்றார் தெரியுமா? இவ்வளவு பெரிய கதவைத் தொடறதுக்கு இந்த ஊர்லயே உங்க ஒருத்தருக்குத்தான் அருகதையாம். நிலை லேசா சாய்ஞ்சிருக்காம், ஆனா உங்க கைவேலைக்கு முன்னாடி அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லையாம்."

"அவனா சொன்னான்?" தச்சர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், திரும்பச் செருகினார். "அவன் வாயால?"

"இன்னும்கூடச் சொன்னார். எனக்குத்தான் ஞாபகம் இல்லை."

[நிலையைக் கொத்தனாரே நிமிர்த்துகிறார், கதவில் கை வைக்க வேண்டாம் என்ற இரண்டு விஷயங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.]

சந்தோஷத்தில் தச்சர் அன்று சாயங்காலமே கதவின் ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, அந்த இடைவெளிக்குக் கச்சிதமாக ஒரு சட்டத்தை வைத்து ஆணி அடித்தார். கீல்களுக்கு எண்ணெய் விட்டார். உள்பக்கத்து இரும்பு வளையத்தை மெருகு போடுவதற்காகக் கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் விடிந்ததும் கொத்தனார் வந்து ஆப்பு வைத்து நிலையை நிமிர்த்தி, பின்னால் காரையை அடைத்துவிட்டுப் போனார். கதவு அகலத் திறந்து சுவரோரமாக நின்றதால் சட்டம் அவர் கண்ணில் படவில்லை. ஒரே குறையை இரண்டு பேரும் முழுசாகச் சரி செய்துவிட்டார்கள். யாரும் கதவை மூடிப் பார்க்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தங்கை கொடுத்த கெடுவின் கடைசி நாள்.

5

வந்தவர்கள் இரண்டு பேர்: ஒரு பல் டாக்டர் பெண்மணி, அவருடைய மாமியார். கீழே மருத்துவமனை, மேலே குடித்தனம் என்பது டாக்டரின் திட்டம். மாமியாருக்கு எந்தத் திட்டமும் இல்லை, தூக்கமும் இல்லை. அவர்கள் வீடு பேருந்து நிலையத்துக்கு எதிரே. மேல்மாடிக் குழந்தைகள் வேறு மதியமெல்லாம் பந்து தட்டுமாம்.

(இந்த மாமியாரை முதல் வரைவில் நான் வாயாடியாக எழுதியிருந்தேன். மாமியார் என்றதும் பேனா தானாக அந்தப் பக்கம் சாய்கிறது. அடித்துவிட்டேன். அவர் அதிகம் பேசவே இல்லை. சொன்னது ஒன்றிரண்டு, ஒவ்வொன்றும் ஆணி.)

டாக்டருக்கு வீடு பிடித்துப்போயிற்று. ஏன் சிமெண்டை எடுத்தோம் என்று நான் விளக்க ஆரம்பித்ததும் அவரே முடித்தார்: "புரியுது சார். சொத்தையைச் சுத்தம் பண்ணாம மேல அடைச்சா உள்ள அழுகும். பல்லுன்னாலும் அப்படித்தான்." கல் இடுக்குக் காரையை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "ஈறு நல்லா இருக்கு" என்றார். எனக்கு அவரைத் தத்து எடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மாமியார் கூடத்தின் நடுவில் நின்று, மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"கல்லறை மாதிரி இருக்கும்மா. வேணாம். வா போலாம்."

"அத்தை, மேல ஒரு தடவை—"

"வேணாம்னா வேணாம்."

வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார். வெளியே படியில் நின்றுகொண்டிருந்த தங்கைக்கு இது கேட்டது. கைப்பேசியை எடுத்தாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியாதா?

ஏதாவது காட்ட வேண்டும். கதவுக்குப் பின்னால், சுவரோரத்தில், மீதமிருந்த சுண்ணாம்பு மூட்டை. "இதைப் பாருங்கம்மா, இது சாதாரணச் சுண்ணாம்பு இல்லை!" என்று பாய்ந்துபோய் வாயைப் பிரித்து, ஒரு கை அள்ளி, உயரத் தூக்கினேன். அது சாதாரணச் சுண்ணாம்புதான். மூக்கில் ஏறியது.

அந்தத் தும்மலை எப்படி எழுதுவது? எரிமலை என்று எழுதி அடித்தேன். பீரங்கி என்று எழுதி அடித்தேன். கூரையில் இருந்த புறாக்கள் அடுத்த ஊருக்குக் குடிபெயர்ந்தன. மாமியாரின் மூக்குக்கண்ணாடி தலைக்கு ஏறியது. என் முன்னால் நின்ற கதவு அசைந்தது, நகர்ந்தது, எண்ணெய் விட்ட கீலில் சத்தமே இல்லாமல் ஓடி, தன் வாழ்நாளில் மறந்துபோயிருந்த காரியத்தைச் செய்தது. மூடிக்கொண்டது. புட்டியில் தக்கை இறங்குவது போல.

[புறா இல்லை. கண்ணாடி சற்று நகர்ந்திருக்கலாம். கதவு மூடியது காற்றில். அரை மணியில் மழை வந்ததை எல்லோரும் அறிவார்கள். மழைக்கு முன்னால் காற்று வருவது இயல்பு.]

6

இழுத்தேன். இழுக்க வளையம் இல்லை. நகத்தால் இழுத்தேன். பின்வாசலைப் பெரியப்பா காலத்திலேயே கல் வைத்து அடைத்தாயிற்று. சன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. சுவர் இரண்டு முழம் கனம் என்பதால் கைப்பேசிக்கு உயிரில்லை. தங்கை வெளியிலிருந்து தள்ளிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆளைக் கூட்டிட்டு வரேன், எதையும் தொடாதே!" என்று கத்திவிட்டுப் போனாள்.

மாமியார் என்னைப் பார்த்தார். "எப்பவும் இப்படித்தானா?"

"இல்லைம்மா. இதுவரைக்கும் மூடினதே இல்லை."

சன்னல் மாடத்தில், சுவரின் கனம் முழுக்க ஓர் இருக்கையாக இருந்தது. மாமியார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார், கைது செய்யப்பட்டவரைப் போல. வெளியே நல்ல வெயில். கல் குளிர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"இன்னைக்கு பஸ்ஸு எதுவும் ஓடலையா?"

"ஓடுது. தெருமுனையில மெயின் ரோடுதான்."

"ஒண்ணும் கேக்கலையே."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டர் என் கையைத் தொட்டார். மாமியாரின் தலை மெல்லச் சுவரில் சாய்ந்தது. கைப்பை நழுவியது, டாக்டர் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் இவங்க வீட்டுக்கு மருமகளா வந்ததுலேருந்து இவங்க பகல்ல தூங்கி நான் பார்த்ததில்லை," என்று கிசுகிசுத்தார்.

மழை வந்தது. பேய்மழை. (இங்கேதான் அதைச் செலவழிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.) நாங்கள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் அறை அறையாகப் போய்க் கூரையைப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் யாருக்கும் கிடைக்காத வாய்ப்பு இது. வெயில், மழை, தூக்கம் மூன்றையும் ஒரே மதியத்தில் சோதித்துவிட்டுப் போவது.

7

கதவுக்கு வெளியே குரல்கள். தங்கை கொத்தனார், தச்சர் இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"யோவ், நான் நிலையை நிமுத்துறேன்னு சொன்னேன்ல? எதுக்கு சட்டம் அடிச்ச?"

"எங்கிட்ட யாரு சொன்னா? தோளைக் குடுத்துத் தள்ளு, திறந்துக்கும்."

"தள்ளினா நிலை பேத்துக்கும். காரை இன்னும் பச்சையா இருக்கு. நீ சட்டத்தை எடு."

"மூடின கதவுல எப்படி எடுக்கறது? நீ ஆப்பைத் தளத்து."

"நான் வச்ச ஆப்பை நானே எடுக்கணுமா? உன்னால?"

பிறகு தச்சர், குரலைத் தாழ்த்தி:

"இவ்வளவு கோவப்படுறவன், அன்னைக்கு மட்டும் என்னைப் பத்தி அப்படிச் சொல்லி அனுப்பினியே மாப்பிள்ளை?"

"எப்படி?"

"இந்தக் கதவைத் தொட எனக்குத்தான் அருகதைன்னு."

உள்ளே நான் கதவில் காதை ஒட்டினேன். வெளியே கொத்தனார் செருமிக்கொள்வது கேட்டது.

"சொன்னேன்," என்றார் கடைசியில். "அதுக்கு என்ன இப்ப? ரம்பத்தை எடு. நான் ஆப்பை நூல் நூலாத் தளத்துறேன். இடுக்கு விழுந்ததும் உள்ள விட்டு அறு. நிறுத்துன்னா நிறுத்தணும்."

"நீ சொல்லு மாப்பிள்ளை, நான் நிறுத்துறேன்."

சுத்தியல் விழுந்தது. ரம்பம் கரகரத்தது. மாமியார் கண் விழித்தார்.

"யாரது சத்தம் போடுறது?"

"கதவைத் திறக்கறாங்க அத்தை."

"என்ன அவசரம்? கொஞ்சம் கழிச்சுத் திறக்கச் சொல்லு." எழுந்து, மேலே பார்த்தார். "மழை பெஞ்சுதா?"

"கொட்டித் தீத்துடுச்சு."

கூரையைப் பார்த்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார், விரலை மூக்கில் வைத்து முகர்ந்தார். கதவு திறந்தது. வாசலில் நனைந்துபோய் நின்ற தங்கையிடம், என்னைத் தாண்டிப் போய், கேட்டார்:

"சாவி எப்பம்மா குடுப்பீங்க?"

"அத்தை, கல்லறைன்னு சொன்னீங்களே?"

"அது தூங்கறதுக்கு முன்னாடி."

8

வீடு விற்றுவிட்டது. கீழே இப்போது பல் பிடுங்குகிறார்கள்; மேலே மாமியார் தூங்குகிறார். தங்கை தரைத்தள வீட்டுக்கு வந்துவிட்டாள். கல் வியாபாரி போகிற வழியில் எட்டிப் பார்த்து, இரண்டு பற்களை அடைத்துக்கொண்டு போனாராம். இப்போது ஒருவேளை தங்கப்பல் இருக்கலாம்.

மிச்சம் ஒன்றுதான். கதவை மூடியது எது? வாசகரே, முடிவை உங்களிடம் விடலாம் என்று முதலில் நினைத்தேன். மூன்று இருக்கின்றன.

முதலாவது, காற்று. உப்புச் சப்பில்லாதது. வேண்டுமென்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, தும்மல். நடந்தது அதுதான். ஆனால் சாட்சி இல்லை. டாக்டர் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார், மாமியார் தன் கண்ணாடியை, நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்துகொண்டு தும்ம யாரால் முடியும்?

மூன்றாவதை நேற்றுத்தான் யோசித்தேன். அந்த நேரத்தில் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றவள் ஒருத்திதான். வெளிப்பக்கத்து வளையம் கழற்றப்படவில்லை. மாமியார் கிளம்பிவிட்டார், இனி வீடு போய்விடும். வாயால் எத்தனை தடவை இடிக்கச் சொன்னாலும் மனசு கேட்கவில்லை. தங்கை எட்டி வளையத்தைப் பிடித்தாள். கதவைத் தானே இழுத்து மூடினாள். அண்ணனின் ஒரு வருட உழைப்பைக் காப்பாற்றினாள். பிறகு கூச்சத்தில் "காத்து, காத்து" என்று சொல்லித் திரிந்தாள். அருமையான முடிவு. சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இதையே வைத்துக்கொள்ளப் போகிறேன். இனி எங்கே போனாலும் இதைத்தான் சொல்வேன். அடித்துவிடு, தங்கச்சி.

[அடித்தேன், நிபந்தனைப்படி. ஆனால் இது இப்படியே போகக்கூடாது.

நான் வளையத்தைத் தொடவில்லை. ஒரு கையில் போன் இருந்தது. மற்றொரு கை படியோரக் கைப்பிடிச் சுவரில் இருந்தது. என் மூட்டுக்கு அதை விட்டுவிட்டு அந்தப் படியில் நிற்க முடியாது.

காற்றும் இல்லை. எதிர் வீட்டு மாடிக் கொடியில் ஒரு படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. அது அசையவில்லை. காற்று வந்தது நான் ஆட்டோ பிடித்த பிறகு.

கல் வியாபாரி போனில், "அப்ப நாளைக்கு லாரி அனுப்பட்டுமாம்மா?" என்று கேட்டார். "அனுப்புங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது உள்ளே அண்ணன் தும்மினார். கதவு சுவரை விட்டு நகர்ந்து வந்து மூடியதை முழுவதும் பார்த்தேன். "என்னம்மா, அங்க இடி இடிக்குதா?" என்று அவர் கேட்டார். "இல்லீங்க, எங்க அண்ணன்" என்றேன். லாரி வேண்டாம், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இவ்வளவு நாள் காற்று என்று சொன்னதன் காரணம், இந்த ஒன்றை ஒப்புக்கொண்டால் அண்ணன் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டிவருமே என்ற பயம். மற்றவை எதுவும் நடக்கவில்லை.

இது நடந்தது.]